தவக்களையும் புளியங்கட்டை ஆப்பும்

பழைய காரை அறுத்து ரேஸ் வண்டி கட்டுற தொழில்ல ஒரே ஒரு நிம்மதி, அதுல முன்னுக்கு வந்தவன்னு எங்க பக்கம் ஒருத்தனும் கிடையாது, அதனால யாரைப் பார்த்தும் வயிறு எரிய வேண்டியதில்ல.

நீங்களும் எப்பவாவது ஒரு பழைய வண்டியை வாங்கி, "ஒரு ஞாயித்துக்கிழமை வேலைதான், முடிச்சுடலாம்"னு பானெட்டைத் தொறந்தவரா? அப்ப நாம சொந்தக்காரங்க. கையைக் கழுவிட்டு வந்து உக்காருங்க. கழுவினாலும் அந்தக் கறை போகாதுன்னு எனக்குத் தெரியும், சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

எண்பதுகள்ல நடந்த கதை இது. ஓசூர்ல நான் ஒரு பாக்டரியில மெயின்டனன்ஸ் பிட்டர். சலீம் பக்கத்து பாக்டரியில லேத் டர்னர், கிருஷ்ணகிரிக்காரன். மத்திகிரியில ரெண்டு பேருக்கும் அடுத்தடுத்த வாடகை வீடு. அவனுக்குக் கல்யாணமாகி ஒரு பொண்ணு பொறந்திருந்துச்சு. ஆள் தங்கம். ஆனா அவனுக்கு ரெண்டு ஆசை. ஒன்னு, கார் ரேஸ்ல ஓட்டணும். ரெண்டு, அந்தக் காரை நாமளே கட்டணும். முதல் ஆசையோட நிறுத்தியிருந்தான்னா நான் இதை எழுதிக்கிட்டு உக்காந்திருக்க மாட்டேன்.

கோழி எழுந்திரிக்கிற வரைக்கும்

காவேரிப்பட்டினத்துல ஒரு மாங்கா மண்டிக்காரர் வீட்டுப் பின்னால வெள்ளைக்காரன் ஊர் வண்டி ஒன்னு கிடக்குதுன்னு சலீம் மோப்பம் பிடிச்சுட்டு வந்தான். போய்ப் பார்த்தோம். மாங்கா கூடைங்களுக்கு நடுவுல குட்டியூண்டு கார். டயர் நாலும் மண்ணுக்குள்ள. டிக்கியில வைக்கோல். முன் சீட்டுல ஒரு கோழி உக்காந்துக்கிட்டு எங்களை மொறைச்சுப் பார்த்துச்சு. சலீம் பானெட்டைத் தூக்கி எஞ்சினைத் தொட்டுப் பார்த்துட்டு, பொண்ணு பிடிச்சுப்போன மாப்பிள்ளை மாதிரி என்னைப் பார்த்துச் சிரிச்சான். அப்பவே நான் பஸ் ஏறி வந்திருக்கணும். எனக்கு எப்பவுமே புத்தி லேட்டு.

மண்டிக்காரர் தாராளமான மனுசன். வண்டியைப் பத்தி ஒரு கேள்வி கேக்கல, நாங்க எதுக்கு எடுக்கறோம்னும் கேக்கல. ஆனா ஒரே ஒரு விஷயத்துல கறாரா இருந்துட்டார்.

"வண்டியைத் தாராளமா எடுத்துக்குங்க. கோழி அடைகாக்குது, அது குஞ்சு பொரிச்சு எழுந்திரிக்கிற வரைக்கும் மட்டும் பொறுத்துக்குங்க."

நம்பிக் கால் வைக்கலாம்

வண்டியைக் கொண்டுவந்து நிறுத்த இடம் கொடுத்தவர் முனிரெட்டி. மத்திகிரிக்கு வெளியே அவருக்கு நிலம், அதுல ஒரு பழைய ஷெட். நாங்க எல்லாரும் அவரை ரெட்டியண்ணான்னு கூப்பிடுவோம். வீட்ல தெலுங்கு, எங்ககிட்ட தமிழ், சந்தையில கன்னடம். மாசத்துக்கு ஒரு தடவை "ஷெட்டைக் காலி பண்ணுங்கப்பா"ம்பார். அப்புறம் அவரே வந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பார்.

கூரையை அறுத்தோம், கதவைக் கழட்டினோம், கண்ணாடியைத் தூக்கினோம். எடை குறைஞ்சா வேகம் கூடும்னு சலீம் சொன்னான். எல்லாம் போன பிறகு ரெண்டு ஹெட்லைட் மட்டும் முட்டைக் கண்ணு மாதிரி துருத்திக்கிட்டு நின்னுச்சு. தவக்களைன்னு பேர் வந்தது அப்படித்தான். ஹேண்ட் பிரேக்கைத் தொட்டேன், அது கையோட வந்துருச்சு. கால் பிரேக் இருந்துச்சு, ஆனா அதுக்கு மனசு வந்தாத்தான் பிடிக்கும்.

எங்க மூணாவது ஆள் பெருமாள். திருநெல்வேலிக்காரன், எங்க பாக்டரி ஸ்டோர்ல வேலை. தமிழை விட்டா ஒரு பாஷை தெரியாது. அவன்தான் புளியங்கட்டையில ஒரு ஆப்பு செதுக்கி, அதுக்கு ஒரு கயிறும் கட்டினான். வண்டி நிக்கணும்னா சக்கரத்துக்கு அடியில ஆப்பு. கிளம்பணும்னா கயிறைப் பிடிச்சு இழுக்கணும். ஆப்பைத் தவிர வேற எதையும் அவன்கிட்ட ஒப்படைக்கல, அவனும் அதை வேற யாரையும் தொடவிடல. முதல் தடவை மேட்டுல நிறுத்திப் பார்த்தப்போ தவக்களை இம்மியும் நகரல. பெருமாளுக்குப் பெருமை தாங்கல.

"எண்ணே, இந்த வண்டியில நம்பிக் கால் வைக்கக்கூடியது இந்தக் கட்டை ஒன்னுதாம்ணே!"

எஸ்டேட்காரர் சொன்ன ஒரு வார்த்தை

இது வரைக்கும் விளையாட்டு. இனிமேதான் வினை.

சலீம் வேலை செஞ்ச பாக்டரியை இழுத்துப் பூட்டிட்டாங்க. வீட்ல கைக்குழந்தை. அவன் மாமனார் கிருஷ்ணகிரியில பழைய இரும்பு வியாபாரி, சவுதியில ஒரு டிரைவர் விசாவுக்குச் சொல்லி வச்சுட்டார். சலீமுக்குப் போக மனசே இல்ல. "பொண்ணு என்னை 'அத்தா'ன்னு கூப்பிடறதுக்கு முன்னாடி நான் போயிட்டா, திரும்பி வரும்போது மாமான்னு கூப்பிடுமே மச்சான்"னு சொல்லிச் சொல்லி அழுவான். அவங்க வீட்ல அப்பாவை 'அத்தா'ம்பாங்க. எனக்கும் அவனை விட்டா வேற நாதி கிடையாது. வெளியே சொல்லல, அவ்வளவுதான்.

அப்பதான் பெங்களூர்ல ஒரு ஆளைப் பிடிச்சோம். காபி எஸ்டேட்காரர், சொந்தமா ரேஸ் வண்டிங்க வச்சிருந்தவர். ஓட்டவும் தெரிஞ்சு, ரிப்பேரும் தெரிஞ்ச ஆள் ஒருத்தரை மாசச் சம்பளத்துக்குத் தேடிக்கிட்டிருந்தார். தன் வண்டியில சலீமை ஓட்டவிட்டுப் பார்த்தார், பிடிச்சுப்போச்சு. ஆனா ஷெட்டுக்கு வந்து தவக்களையை ஒரு தடவை சுத்திப் பார்த்தார் பாருங்க, நான் ஹேண்ட் பிரேக் இருந்த ஓட்டையை மறைச்சுக்கிட்டு நின்னேன்.

"வேகமா ஓட்டறவன் தெருவுக்கு நாலு பேர் இருக்கான். நீ இந்த வண்டியில ஒரே ஒரு ரேஸை முழுசா முடிச்சுக் காட்டு, மறுநாளே வேலைக்கு வந்துடு."

ரெட்டியண்ணன் புழுக்கள்

ஜெயிக்க வேண்டாம், முடிச்சாப் போதும். கேக்கறதுக்கு எவ்வளவு சுளுவா இருக்கு! தவக்களையோட பழகினவங்களுக்குத்தான் தெரியும்.

ஷெட்டுக்குப் பக்கத்துலயே ரெட்டியண்ணன் பட்டுப்புழு வளர்த்தார். அதுங்களுக்குப் புகை ஆகாது, வாசனை ஆகாது, பீடி பிடிச்சவன் பக்கத்துல போனாக்கூட ஆகாது. நாங்க எஞ்சின் ஹெட்டை இழைச்சு, போர்வெல் பைப்பை வெட்டி சைலன்சர் வச்சு, முதல் தடவையா ஹாண்டில் போட்டு எஞ்சினை எழுப்பினோம். ஷெட்டே கருப்பாச்சு. ரெட்டியண்ணன் மல்பெரி இலைக்கட்டைப் போட்டுட்டு ஓடி வந்தார். "ஆப்பு! ஆப்பு!"ன்னு தொண்டை கிழியக் கத்தினார். பெருமாள் சும்மா இருப்பானா? பாய்ஞ்சு போய் ஆப்பை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில செருகினான். அவர் இன்னும் பலமா "ஆப்புரா!"ன்னார். இவன் சுத்தியல் எடுத்து ஆப்பை இன்னும் உள்ள அடிச்சான். எஞ்சின் பாட்டுக்குப் புகையைக் கக்கிக்கிட்டு இருந்துச்சு.

தெலுங்குல ஆப்புன்னா நிறுத்துன்னு அர்த்தம். சலீம் சாவியைத் திருப்பி எஞ்சினை அமத்தின பிறகு அதை எடுத்துச் சொன்னான். அதுக்குள்ள ஒரு தட்டுப் புழு முழுக்கச் சுருண்டுபோச்சு. ரெட்டியண்ணன் தலையில கை வச்சு உக்காந்துட்டார். பெருமாளுக்கு மட்டும் ஆறவே இல்ல.

"நிறுத்தணும்னா நிறுத்துன்னு சொல்ல வேண்டியதுதானண்ணே, ஆப்புன்னா நான் ஆப்பைத்தான எடுப்பேன்?"

சாக்கு

முதல் ரேஸ். பெங்களூர் பக்கம் கைவிட்ட விமான ஓடுதளம் ஒன்னு, அதுல தகர டிரம் அடுக்கி வளைவு போட்டிருந்தாங்க. பழைய வண்டிங்களுக்குன்னு ஒரு தனி ரேஸ் உண்டு. நாங்க விடிஞ்சதும் போய் நின்னுட்டோம். பக்கத்து வண்டிக்காரர் கன்னடக்காரர், நல்ல மனுசன், பெட்ரோல் ஊத்த ஒத்தாசைக்கு வந்தார். அவர் புனலைப் பிடிச்சுக்கிட்டார், பெருமாள் கேனைக் கவுத்தான்.

டேங்க் ரொம்பினதும் அவர் "சாக்கு, சாக்கு"ன்னார். கன்னடத்துல போதும்னு அர்த்தம். பெருமாள் ஊத்திக்கிட்டே சுத்திமுத்தும் பார்த்தான். "சாக்கு எங்க இருக்கு? எதுக்குச் சாக்கு?" அவர் "சாக்குப்பா, சாக்கு!"ன்னு அலறினார். இவன் கேனைக் கவுத்த வாக்கிலேயே திரும்பி, "எண்ணே, சாக்கு எதும் கொண்டாந்தமா?"ன்னு என்னைக் கேட்டான். பெட்ரோல் சீட்டு மேல, சைலன்சர் மேல, சலீமோட செருப்பு மேல எல்லாம் ஓடுச்சு. ரேஸ் நடத்தறவர் ஒருத்தர் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு வந்தார். நாங்க கிளம்பற கோட்டுக்கே போகல.

"இந்த வண்டியை ரேஸ்ல விட மாட்டேன், முதல்ல இதுக்குப் பக்கத்துல ஒருத்தரும் தும்மாம இருக்கணும்."

இது என்ன சரக்கு?

ரெண்டாவது ரேஸ்ல கிளம்பினோம். சத்தியமா கிளம்பினோம்! சலீம் என்னமா ஓட்டினான் தெரியுமா? வளைவுல தவக்களையைச் சாய்ச்சு எடுப்பான், கூட்டம் எந்திரிச்சு நின்னு கை தட்டும். பாதி ரேஸ்ல ஒரு வளைவுல சுத்தி நின்னுச்சு, எஞ்சின் அணைஞ்சுச்சு. அப்பதான் தவக்களையோட பெரிய குணம் தெரிஞ்சுச்சு. சூட்டுல நின்னா நின்னதுதான். ஹாண்டில் போடு, கெஞ்சு, பெட்ரோல் பம்புக்கு ஈரத்துணி போடு, ஒன்னும் நடக்காது. தானா ஆறி, அதுக்கா மனசு வந்தாத்தான் கிளம்பும். நாங்க அதைச் சரி பண்ணப் பார்க்காத வழி இல்ல. கடைசி வரைக்கும் முடியல.

அன்னைக்குக் கயிறு கட்டி ஒரு லாரி பின்னால இழுத்துக்கிட்டு ஊர் திரும்பினோம். மாநில எல்லைச் செக்போஸ்ட்ல ஒருத்தர் கையைக் காட்டி நிறுத்திட்டார். கூரை இல்ல, கதவு இல்ல, நம்பர் பிளேட் போன இடம் தெரியல. நான் வண்டின்னு சொன்னேன். அவர் நம்பல. பெருமாள் இரும்புன்னு சொன்னான். அதையும் நம்பல. சலீம் ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான்.

"வண்டின்னா ஆர்.சி. புக்கைக் காட்டு, இரும்புன்னா பில்லைக் காட்டு, ரெண்டும் இல்லேன்னா இதை நான் என்னன்னுய்யா உள்ள விடறது?"

மாமனார் பார்வை

சலீமோட மாமனார் மத்திகிரிக்கு வந்தார். விசா வந்துருச்சு. இன்னும் ஒரே ஒரு ரேஸுக்கு மட்டும்தான் நேரம் இருந்துச்சு, அது முடிஞ்ச கையோட அவன் விமானம் ஏறணும். மனுசன் கெட்டவர் இல்ல. பொண்ணும் பேத்தியும் பட்டினி கிடக்கக் கூடாதுன்னு நினைக்கிறவரை எப்படிக் கெட்டவர்னு சொல்றது? அப்படிச் சொல்ல முடியாததுதான் எனக்கு ரொம்ப ஆத்திரமா இருந்துச்சு.

ஷெட்டுக்குள்ள வந்தார். சலீம் ஆசை ஆசையா எஞ்சினைக் காட்டினான், ரெட்டைக் கார்புரேட்டரைக் காட்டினான், லேத்துல தானே கடைஞ்ச ஒவ்வொரு சாமானையும் துடைச்சுத் துடைச்சுக் காட்டினான். அவர் பொறுமையா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டார். தவக்களையோட முன் பக்கத்தை ரெண்டு கையாலயும் ஒரு தடவை தூக்கிப் பார்த்துட்டு இறக்கினார். நான் அந்த ராத்திரி சாப்பிடல.

"எல்லாம் சரி மாப்ளே, எஞ்சினோட சேர்த்து என்ன எடை வரும்?"

ரேஸ் அன்னைக்கு ஒரே அர்த்தம்

கடைசி ரேஸுக்கு எதையும் விட்டு வைக்கல. முக்கியமா பாஷையை. ஓட்டறப்போ சலீமுக்கு ஒரு சத்தமும் காதுல விழாது, போட்டிருக்கிற கண்ணாடி மேல எண்ணெய் தெறிச்சு கொடியும் தெரியாது, எத்தனை சுத்து போனோம்கிற கணக்கும் மறந்துடும். அதனால ஒரு ஏற்பாடு. ரேஸ் முடிஞ்சதும் ஆப்புன்னு குரல் கொடுப்போம், பெருமாள் உடனே ஆப்பைத் தலைக்கு மேல தூக்கிக் காட்டணும். ஆப்பைப் பார்த்தா சலீம் நிறுத்தணும். பெருமாள் ஓடிப்போய்ச் சக்கரத்துக்கு அடியில போடணும். ஆப்பு தெரியற வரைக்கும் எது வந்தாலும் மிதிச்சுக்கிட்டே இருக்கணும்.

அதனால ரேஸ் அன்னைக்கு ஆப்புன்னா ஆப்பு ஒன்னுதான், வேற அர்த்தம் கிடையாதுன்னு முடிவு பண்ணோம். ரெட்டியண்ணன் நிறுத்தச் சொல்லணும்னா தமிழ்ல நிறுத்துன்னுதான் சொல்லணும். அவர் புழு மேல சத்தியம் பண்ணார். அந்த வாரம் முழுக்கப் பழகினார். பால்காரரை நிறுத்துன்னார், பம்ப்செட்டை நிறுத்துன்னார், பொண்டாட்டி பேசிக்கிட்டிருக்கும்போதே நிறுத்துன்னு சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டார். ரேஸுக்கு முந்தின நாள் ஏர் ஓட்டிட்டு வேர்த்து விறுவிறுத்து ஷெட்டுக்கு வந்தார்.

"நான் கத்துக்கிட்டேம்பா, என் மாட்டுக்குத்தான் தமிழ்ல சொன்னா நிக்கத் தெரியல."

எருமை

இதை எழுதாம விட்டுடலாமான்னு பார்த்தேன். விட்டா மத்ததெல்லாம் எதுக்குச் சொன்னேன்னு கேப்பீங்க.

தவக்களை அன்னைக்கு ஓடுச்சுங்க. புகை இல்ல, திணறல் இல்ல. எங்களுக்கு முன்னாடி போனதுல சிலது டிரம்ல மோதி நின்னுச்சு, சிலது கொதிச்சு நின்னுச்சு, இது மட்டும் நிக்கவே இல்ல. எஸ்டேட்காரர் கூலிங்கிளாஸைக் கழட்டிட்டுப் பார்த்துக்கிட்டிருந்தார். கடைசிச் சுத்து வந்துருச்சு. முடிவுக்கோடு ஒரு மேட்டு மேல. அதுக்கு அந்தப் பக்கம் ரெட்டியண்ணனும், கொஞ்சம் கீழ நானும் பெருமாளும் நின்னுக்கிட்டிருந்தோம். பெருமாள் ஆப்பைக் குழந்தை மாதிரி இடுப்புல வச்சிருந்தான். எனக்குச் சாமி பேரெல்லாம் குழம்பிப்போய் சலீமோட சாமியையும் சேர்த்துக் கும்பிட்டுக்கிட்டிருந்தேன்.

அப்பதான் வேலி ஓட்டையில ஒருத்தர் எருமைங்களை ஓட்டிக்கிட்டு உள்ள வந்தார். ரெட்டியண்ணன் பார்த்துட்டார். ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு, "ஆப்பு! ஆப்பு! ஆப்பு!"ன்னு கத்தினார். எருமைக்காரர் டக்குன்னு நின்னார். எருமைங்களும் நின்னுச்சு. ஒன்னு கூட ஓடுதளத்துல கால் வைக்கல. ஆனா பெருமாள் காதுல விழுந்தது ஆப்புதான். நான் சட்டையைப் பிடிச்சு இழுக்கறதுக்குள்ள பாய்ஞ்சு ஓரத்துக்குப் போய் ஆப்பைத் தலைக்கு மேல தூக்கிட்டான். நான் "இல்லடா, இல்லடா"ன்னு கத்தறேன், வர்ற வண்டிச் சத்தத்துல என் குரல் எனக்கே கேக்கல.

சலீம் சொன்ன சொல் தவறாதவன். ஆப்பைப் பார்த்தான், நிறுத்தினான். அன்னைக்குப் பார்த்து கால் பிரேக் நல்லாப் பிடிச்சுச்சு. எஞ்சின் அணைஞ்சுச்சு. மேட்டுல பின்னால உருளப் பார்த்த வண்டிக்குப் பெருமாள் முறையா ஆப்பு போட்டான். கோடு எதிர்லயே, கல்லை விட்டா விழற தூரத்துல. தள்ளக் கூடாதுங்கறது சட்டம். சூட்டுல கிளம்பாதுங்கறது தவக்களையோட சட்டம். பின்னால வந்த ஓட்டை வண்டிங்க ஒன்னொன்னா எங்களைத் தாண்டிப் போய்க்கிட்டிருந்துச்சு. சலீமுக்கு அது ஒன்னும் புரியல. கண்ணாடியை நெத்திக்கு ஏத்திவிட்டு, எண்ணெய் வழியற மூஞ்சியோட ரெண்டு கையையும் என் பக்கம் நீட்டினான்.

"முடிச்சுட்டேன்ல மச்சான்?"

பேர் வைக்காதது

எஸ்டேட்காரர் இறங்கி வந்தார். நான் எல்லாத்தையும் சொன்னேன். தெலுங்கைச் சொன்னேன், புளியங்கட்டையைச் சொன்னேன், எருமையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரி கேட்டுச்சு. காலைப் பிடிச்சிருப்பேன், சலீம்தான் என் தோளைப் பிடிச்சுத் தூக்கிட்டான். அவர் முடிவுக்கோட்டைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். அவர் கண்ணுல இரக்கம் இருந்துச்சு, வேலை இல்ல.

"நேரம் சரியில்லன்னு கூட சொல்ல முடியாதுப்பா இதை, இதுக்கு இன்னும் யாரும் பேரே வைக்கல."

எருமைக்கு எந்த பாஷை

பெருமாள் அழுதான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரல. ஆப்புன்னா ஆப்பு ஒன்னுதான்னு சட்டம் போட்டது நாங்க, அதை அட்சரம் பிசகாம நடத்தினவன் அவன் ஒருத்தன்தான்.

ரெட்டியண்ணன் அதுக்கப்புறம் தெலுங்கே பேசல. வீட்லயும் தமிழ்தான். அவர் பொண்டாட்டி எங்ககிட்ட வந்து, மனுசனுக்கு ஏதோ ஆயிப்போச்சுன்னு பயந்துபோய்ச் சொன்னாங்க. நானும் சலீமும் போய்ப் பார்த்தோம். புழுத்தட்டுக்கு நடுவுல உக்காந்திருந்தார். சலீம் அவர் கையைப் பிடிச்சு, "விடுங்கண்ணா, உங்க மேல எனக்கு வருத்தமே இல்ல"ன்னான். அவர் தலையைத் தூக்கவே இல்ல.

"எருமையைப் பார்த்ததும் வாயில தமிழ் வரலப்பா, எருமைகிட்ட நான் எந்தக் காலத்துல தமிழ் பேசியிருக்கேன்?"

கட்டை வேண்டாம்

தவக்களையை இரும்பு விலைக்கு எடுத்துட்டுப் போக மாமனார் லாரியோட வந்தார். சலீம் வீட்டை விட்டு வெளியவே வரல. நான்தான் நின்னு ஏத்திவிட்டேன். அவனுக்குப் பதிலா நான் பார்த்துக்கறேன்னு சொல்லியிருந்தேன், ஆனா பார்க்க முடியல, மல்பெரித் தோட்டத்துப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டேன். ஏத்தும்போது சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பழைய கோழி முட்டை ஓடு விழுந்துச்சு. அத்தனை நாளும் அது எங்களோட ரேஸ்ல ஓடியிருக்குது. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அப்புறம் வேற என்னமோ வந்துச்சு.

லாரி கிளம்பும்போது ஆப்பு தொப்புன்னு என் காலடியில வந்து விழுந்துச்சு. பெருமாள் ஓடி வந்து அதை எடுத்து, மண்ணைத் துடைச்சு, வீட்டுக்குக் கொண்டுபோயிட்டான். மாமனார் லாரியிலிருந்து தலையை நீட்டிச் சொன்னார்.

"கட்டையை நீங்களே வச்சுக்குங்க தம்பி, எனக்கு இரும்பு மட்டும் போதும்."

பெங்களூர் பஸ்

சலீமை வழியனுப்ப ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். அவன் பொண்டாட்டி ஒரு ஓரமா முந்தானையில வாயைப் பொத்திக்கிட்டு நின்னுச்சு. குழந்தை அவன் கையில இருந்துக்கிட்டு, போற வர்ற பஸ்ஸையெல்லாம் பார்த்து "பூம், பூம்"னு சொல்லிக்கிட்டிருந்துச்சு. இன்னும் 'அத்தா'ன்னு சொல்ல வரல. பெருமாளுக்கு ஷிப்ட், வர முடியல. எனக்குத் தெரியும், ஷிப்ட் எல்லாம் இல்ல. ரெட்டியண்ணனைக் காணோம். வர மாட்டார்னுதான் நினைச்சோம். சலீம் குழந்தையை என்கிட்ட கொடுத்துட்டு பஸ் ஏறினான். அதை அவன் கையிலிருந்து என் கைக்கு மாத்தினப்போ எனக்கு வந்த துக்கத்தை என்னன்னு எழுதறது? என் கூடப்பொறந்த தம்பி செத்தப்போ கூட நான் அப்படி நிக்கல.

பஸ் வளைஞ்சு வெளிய வரும்போது ரெட்டியண்ணன் வந்து சேர்ந்தார். மொபெட்டைக் கீழ போட்டார், அது விழுந்துச்சா நின்னுச்சான்னு கூடப் பார்க்கல. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு பஸ் பின்னால ஓடினார். எதுக்கு ஓடினார், நிறுத்தி என்ன சொல்லப்போனார்னு அப்புறம் கேட்டேன், அவருக்கே தெரியல. ஓடிக்கிட்டே கத்தினார். பழகின தமிழெல்லாம் எங்கேயோ போச்சு. "ஆப்பு! ஆப்புரா! ஆப்பு!" டிரைவர் காதுல விழல. பஸ் ஸ்டாண்டே வேடிக்கை பார்த்துச்சு.

சலீம் ஜன்னல்ல தலையை நீட்டினான். அவனுக்குத் தெலுங்கு தெரியும், என்னைவிட நல்லாவே தெரியும். கண்ணு ரெண்டும் ஒழுகுது, வாய் மட்டும் சிரிக்குது. கையை வாய்கிட்ட குவிச்சு வச்சுக் கத்தினான்.

"ஆப்பு பெருமாள்கிட்ட இருக்கு ரெட்டியண்ணா!"

எங்க தொழிலைப் பத்தி யாராவது கேட்டா இவ்வளவுதான் சொல்லுவேன்: ஓட வேண்டியதை நிறுத்தறதுக்கு எங்ககிட்ட மூணு பாஷையில ஆள் இருந்தாங்க, நிக்க வேண்டியதை நிறுத்தறதுக்கு ஒரு பாஷையும் உதவல.